பாழ் மாளிகையில் பத்தொன்பது நாள்

மொன்றியலில் இருபது வருடத்துக்கு மேலாக நடந்த தமிழ்க் கல்யாணங்களில் பாதிக்கு அவர்தான் வீடியோக்காரர். அந்தப் பாதியில் ஒரு கல்யாணத்திலாவது தாலி கட்டுவதை நீங்கள் பார்க்க முடியாது. மாப்பிள்ளையின் கண்ணைப் பார்க்கலாம்.

கெட்டிமேளம் முழங்கும். அறுகரிசி பறக்கும். இருந்தவர்கள் எல்லாம் எழும்பி எட்டிப் பார்ப்பார்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய கமரா தாலியை அம்போவென்று விட்டுவிட்டு மாப்பிள்ளையின் முகத்துக்குப் போகும். முகத்திலிருந்து கண்ணுக்குப் போகும். கண்ணில் போய் முட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். வேர்த்து வழிகிற புருவமும் ஓமப்புகைக்குச் சிவந்த முழியும் திரை முழுக்கத் தெரியும். கமரா ஒருவழியாகத் திரும்பி வரும்போது தாலி பெண்ணின் கழுத்தில் இருக்கும். எப்படி வந்தது என்று வீடியோவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரு பெண்ணின் தகப்பன் பொறுக்க முடியாமல் அவருடைய வீட்டுக்கே போய்க் கேட்டார். அந்தத் தகப்பன் எனக்குச் சொந்தக்காரர் என்பதால் நானும் கூடப் போயிருந்தேன்.

“தாலி எங்கை அண்ணை?”

“தாலியை மண்டபத்திலை முந்நூறு பேர் பாத்தவை. மாப்பிளையின்ரை கண்ணை ஆர் பாத்தது?”

“எங்களுக்குத் தாலிதான் வேணும்.”

“கண்ணிலை என்ன இருக்குதெண்டு பாருங்கோ. பயம். அசல் பயம். சிரிப்பு, அழுகை எல்லாத்தையும் ஆரும் நடிக்கலாம். பயத்தை மட்டும் நடிக்கேலாது.”

சொந்தக்காரர் படியேறி வெளியே வந்தார். காரில் ஏறி இருக்கைப் பட்டி போட்ட பிறகுதான் அவருக்குக் கோபமே வந்தது. அதற்குள் நாங்கள் இரண்டு சிக்னல் தாண்டியிருந்தோம்.

வீடியோக்காரரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. முன்னால் எல்லோரும் அண்ணை என்போம். பின்னால் பேய்ப்படம் என்போம். இப்போது அவர் மொன்றியலில் இல்லை, மகளோடு இருக்க எட்மன்டன் பக்கம் போய்விட்டார். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்லச் சொன்னால் எனக்கு இரண்டே வார்த்தைதான் வரும்: நேரத்துக்கு வருவார். சனம் அவரைக் கூப்பிட்டதற்கும் அதுதான் காரணம். நல்ல முகூர்த்த நாட்களில் ரொறன்ரோ வீடியோக்காரர்களைப் பிடிக்க முடியாது. பிடித்தாலும் பனியில் வழி அடைத்துவிட்டது என்று பாதி வழியில் நின்று போன் எடுப்பார்கள். இவர் மொன்றியலுக்குள்ளேயே, பார்க்-எக்ஸ்ரென்சனில் ஒரு வீட்டின் பேஸ்மன்டில் இருந்தார். கூப்பிட்டால் வேனில் புகை மெசினையும் ஏற்றிக்கொண்டு ஐயருக்கு முன்னால் வந்து நிற்பார்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் இத்தாலி. நாட்டைவிட்டு வெளிக்கிட்ட காலத்தில், கனடாவுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் அவரை இத்தாலியில் இறக்கிவிட்டுக் காணாமல் போய்விட்டான். ஒரு சின்ன ஊரின் ஓரத்தில் ஆள் இல்லாத மாளிகை ஒன்று பாழடைந்து கிடந்ததாம். அதற்குள் பேய்ப்படம் எடுக்க ஒரு கூட்டம் வந்ததாம். வயர் தூக்க ஆள் தேடினார்களாம். இவர் போய் நின்றார். மொத்தம் பத்தொன்பது நாள். மற்றவர்கள் கனடாவில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வெடுத்த கதையை இரண்டு வரியில் சொல்லி முடிப்பார்கள். இவர் அந்தப் பத்தொன்பது நாளையும் மணித்தியாலக் கணக்கில் சொல்லுவார்.

வயர் தூக்கினார். புகை போட்டார். மாளிகையில் ஒரு கதவு தானாகத் திறக்க வேண்டும். அதற்குப் பின்னால் குந்தியிருந்து நூலைப் பிடித்து இழுத்தது இவர்தான். இவ்வளவுதான் அவருடைய திரையுலக அனுபவம். ஆனால் அவர் வாயால் கேட்டால் படத்தையே இவரும் அந்த டிரெக்டரும் தோளோடு தோள் நின்று எடுத்ததுபோல் இருக்கும்.

டிரெக்டரை மாயெஸ்த்ரோ என்றுதான் சொல்லுவார். “மாயெஸ்த்ரோ என்னைக் கூப்பிட்டு வைச்சுச் சொன்னவர், வீட்டிலை ஒண்டுமில்லை, சுவரிலை ஒண்டுமில்லை, பேய் எண்டே ஒண்டுமில்லை, எல்லாம் பாக்கிறவன்ரை கண்ணிலைதான் இருக்குதெண்டு.” இதை அரை மணி நேரம் விரிப்பார். அவருக்கு இத்தாலியன் தெரியாது. மாயெஸ்த்ரோவுக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் ஒருநாள் நேரே கேட்டேன்.

“என்ன பாசையிலை அண்ணை சொன்னவர்?”

அவர் இரண்டு விரலைத் தூக்கித் தன் கண்ணுக்கு நேரே காட்டினார். “இப்பிடிக் காட்டினவர்.”

அவ்வளவுதான். இரண்டு விரல். லைட்டை இந்தப் பக்கம் பிடி என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அதிலிருந்து இந்த மனிதர் ஒரு வேதத்தையே உண்டாக்கி, கனடாவுக்குக் கொண்டுவந்து, எங்கள் பிள்ளைகுட்டிகளின் தலையில் அரைத்தார்.

அவரை வீடியோவுக்குப் பேசப் போகிறவர்கள் முதலில் அந்தப் படத்தைப் பார்த்தாக வேண்டும். அது எழுதாத சட்டம். கல்யாணப் பெண், தாய், தகப்பன், தாய்மாமன் எல்லோரும் சோபாவில் நெருக்கியடித்துக்கொண்டு, ஒரு கையில் தேத்தண்ணியும் மறு கையில் மிக்சருமாக, இத்தாலிப் பேய்ப்படம் பார்ப்பார்கள். பார்க்காவிட்டால் திகதி எழுத மாட்டார். நான் மூன்று தரம் பார்த்திருக்கிறேன். மூன்றாம் தரமும் முதல் தரம்போல அருவருப்பாகத்தான் இருந்தது.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்தாறு இளவட்டங்கள் மழைக்கு ஒதுங்க அந்த மாளிகைக்குள் போகிறார்கள். அங்கே இருநூறு வருடத்துக்கு முன் செத்த பிரபுவின் பெண்சாதி பேயாக இருக்கிறாள். ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். ஒரு யன்னலில் மழை பெய்யும், பக்கத்து யன்னலில் வெயில் எறிக்கும். செத்துக் கிடக்கிறவளின் வயிறு மேலும் கீழும் போய்வரும். ஆளுக்கொரு தரம் ஒரு தாழ்வாரத்தால் தலைதெறிக்க ஓடுவார்கள். எல்லாத் தரமும் அதே தாழ்வாரம், அதே மூன்று கால் கதிரை. தும்புமிட்டாயைப் பிய்த்து ஒட்டினதுபோல் சிலந்தி வலை. பேய் வரப்போகிறது, வரப்போகிறது என்று பதினைந்து நிமிடம் இழுத்துவிட்டு, பேயைக் காட்டாமல், பார்க்கிறவனின் கண்ணைக் காட்டுவார்கள். சட்டென்று கிட்டப் போய் ஒரு கண். பிறகு இன்னொருவன். இன்னொரு கண்.

இரண்டு இடத்தில் மட்டும் அவர் படத்தை நிறுத்துவார். கதவு திறக்கும் இடத்தில் நிறுத்தி, “இது நான்” என்பார். பிறகு தூணைச் சுற்றி ஒரு வெள்ளைக் கை வரும் இடம். பேயாக நடித்தவள் அன்றைக்கு வரவில்லையாம். இவருடைய கைக்கு மாவைப் பூசித் தூணைப் பிடிக்கச் சொன்னார்களாம். இருநூறு வருடத்துக்கு முந்திய இத்தாலியப் பிரபுவின் பெண்சாதிக்குக் கை நிறைய மயிர். மணிக்கட்டில் கறுப்புக் கோயில் நூல்.

“அறுக்கச் சொன்னவங்கள். அம்மா கட்டினது, அறுக்கமாட்டன் எண்டுட்டன்,” என்பார் பெருமையாக.

மூன்றாம் தரம் பார்த்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. “அண்ணை, அவங்களிட்டை பேயைக் காட்டக் காசில்லை. அதுதான் கண்ணைக் காட்டிச் சமாளிக்கிறாங்கள்,” என்றேன்.

“அதுதான் தம்பி விசயமே. பேயைக் காட்டினா சனம் சிரிக்கும். பாக்கிறவனைக் காட்டினா நம்பும்.”

எதைச் சொன்னாலும் அதற்கொரு பதில். யார் சொல்லியும் கேட்டதில்லை. வில்லரேயில் ஒரு குடும்பம் புதுவீட்டுக்குக் குடிபூர்ந்தபோது பால் காய்ச்சுவதை எடுக்கக் கூப்பிட்டார்கள். பால் பொங்கியது எங்கோ மூலையில் ஒரு கணம் வரும். மீதி முழுக்க ஆள் இல்லாத படிக்கட்டில் கமரா தன்பாட்டில் ஏறும், வெறும் அறைக்குள் எட்டிப் பார்க்கும், குளியலறைக் கதவு மெல்லத் திறக்கும். அந்த வீட்டுப் பெண் மூன்று மாதம் மேல்மாடிக்குத் தனியே போகவில்லை. புருசன் வந்து சண்டை பிடித்தபோது, புதுவீட்டுக்கு வருகிறவர்களுக்கு உள்ளுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும், நான் இருக்கிறதைத்தான் எடுத்தேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு என் மகள் பெரியபிள்ளையானபோது அவளுடைய சாமத்தியவீட்டுக்கு அவரைக் கூப்பிட்டது நான்தான். மண்டபத்துக்குப் புகை வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். அவரிடம்தான் புகை மெசின் இருந்தது.

மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பல்லக்கில் ஏறமாட்டேன், மேடையில் இருக்கமாட்டேன் என்று இரண்டு கிழமையாக பிரெஞ்சிலும் இங்கிலிசிலும் அழுதுகொண்டிருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் முதலில் அப்படித்தான் சொல்லும் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலு பேர் பல்லக்கைத் தூக்க, புகைக்குள்ளால் பிள்ளை வந்து இறங்கினாள். மேடையில் இருத்தினோம். மாமிமார் ஆலத்தி எடுக்கத் தொடங்கினார்கள்.

என் தம்பி சீலன் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. கல்யாணம் செய்யாதவன். என் மகள் என்றால் உயிர். வேலை முடிந்து அந்த மஞ்சள் ஜாக்கெற்றோடேயே நேரே மண்டபத்துக்கு வந்தான். கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தான். பிறகு மேடைக்கு ஏறி என் பக்கத்தில் வந்தான்.

“அண்ணை, பிள்ளை மாட்டன் எண்டு அழுததெல்லே.”

“நீ இறங்கு. சனம் பாக்குது.”

“சனத்தை விடு. பிள்ளையைப் பார்.”

நான் பார்க்கவில்லை. அவன் மகளின் கையைப் பிடித்து இறக்கி, முந்நூறு பேருக்கு நடுவால் நடத்திக்கொண்டு போய், தன்னுடைய காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். தேடிப் பிடித்தபோது இரண்டு பேரும் ஒரு ஐஸ்கிறீம் கடையில் இருந்தார்கள். பட்டுச்சேலையும் நெற்றிச்சுட்டியுமாக அவள் சிரித்துக்கொண்டு ஐஸ்கிறீம் குடித்தாள். மண்டபத்தில் ஆட்டிறைச்சிக் கறி ஆறிக்கொண்டு கிடந்தது.

“இனி என்ரை வாசல்படி மிதிக்காதை,” என்று அவனுக்குச் சொன்னேன். அவன் மிதிக்கவில்லை. நாலு வருடம்.

வீடியோ வந்தது. ஆலத்தி இல்லை, மாமிமார் இல்லை. புகை. புகைக்குள் என் மகளின் கண், இரண்டு நிமிடம் முழுசாக.

“பிள்ளையின்ரை கண்ணைப் பாத்தனீங்களோ தம்பி?” என்று போனில் கேட்டார்.

“கண் பாக்கவோ நான் உங்களைக் கூப்பிட்டனான்? கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருப்பனே,” என்று சொல்லிவிட்டு டிஸ்கைக் குப்பையில் போட்டேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்கு இதொன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவுக்குப் போன் எடுப்பேன். எடுத்ததும் முதல் கேள்வி, “சீலன் வந்தவனோ?”

“ஓம் அம்மா, இப்பதான் சாப்பிட்டிட்டுப் போறான்.”

“என்ன கறி?”

“நண்டுக்கறி.”

அம்மாவுக்கு வயிறு குளிரும். நாலு வருடம் நான் அவனுக்குப் போனிலேயே சோறு போட்டேன். நேரில் ஒருநாள் கூப்பிட்டிருக்கலாம். அவன் முதலில் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று இருந்தேன். அவனும் என்னைப் போலத்தான், ஒரே வயிற்றில் பிறந்தவன்.

பிறகு ஒரு ஆவணி மாதம், வேலைக்கு வரவில்லையே என்று கூட வேலை செய்கிறவன் போய்க் கதவைத் தட்டியிருக்கிறான். சீலன் தன் அறையில், கதிரையில் இருந்தபடியே போய்விட்டான். மாரடைப்பு என்றார்கள். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அம்மாவுக்கு நான் வேறு கதை சொன்னேன். என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நெஞ்சு நோகிறது என்றான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், என் கையைப் பிடித்தபடிதான் போனான் என்றேன். அம்மாவால் வர முடியாது. வயது எண்பதுக்கு மேல், முழங்கால் இரண்டும் போய்விட்டது. அழுது ஓய்ந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“எல்லாத்தையும் வீடியோ எடுத்து அனுப்பு ராசா. ஒண்டும் விடக்கூடாது. நான் என்ரை பிள்ளையை அதிலைதான் பாக்கோணும்.”

நேரலை போடலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். யார் வந்து என்ன கதைப்பார்கள் என்று தெரியாது. எடுத்து, பார்த்து, சரிபார்த்துத்தான் அனுப்ப வேண்டும். அந்த வீடியோவில் அம்மா என்னை நல்ல அண்ணனாகப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

அந்தச் சனிக்கிழமை பெரிய முகூர்த்தநாள். எல்லா வீடியோக்காரரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். இவர் ஒருவர்தான் மிச்சம். “புகை வேண்டாம். கண் வேண்டாம். சும்மா நேரே நிண்டு எடுங்கோ,” என்று மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் ஓம் என்றார். வழக்கம்போல எல்லோருக்கும் முதல் வந்து, கறுப்புச் சேர்ட்டோடு ஓரமாக நின்றார்.

கிரியைகளைச் சீலனுக்கு இளையவனான பெரியப்பாவின் மகன் செய்தான். இளையவனுக்கு மூத்தவன் செய்வதில்லை என்று யாரோ சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பெட்டிக்குக் கிட்டப் போகாமல் வாசலில் நின்று வருகிறவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் வாய்க்கரிசிக்கு வரிசையாகப் போனார்கள். எனக்கு முன்னால் பெரியப்பாவின் மகன், எனக்குப் பின்னால் என் மனைவி. நான் அரிசியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவனுடைய முகத்தைப் பார்த்தேன். நாலு வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்க்கிறேன். காதோரம் நரைத்திருந்தது. அது எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து அவருடைய பேஸ்மன்டில் வீடியோவைப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஐயர், தேவாரம், மலர்வளையம், வேலை இடத்து வெள்ளைக்காரர்கள், எல்லோரும். பிறகு என்னுடைய முறை வந்தது. என் கை அரிசியைப் போடுகிறது. கமரா கையிலிருந்து எழும்பி முகத்துக்கு வருகிறது. முகத்திலிருந்து கண்ணுக்கு. திரை முழுக்க என் கண். அதற்குள் இருந்ததைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. கண்ணை விட்டுக் கீழே இறங்கி, வாயில் வந்து நின்றது. வாய் அசைகிறது. தேவாரச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை. ஆனால் நான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியும். “நாலு வருசமடா சீலன், நாலு வருசம்.” பெற்ற தாய் அந்த வாயைப் பார்த்தே படித்துவிடுவார்.

“இதை வெட்டுங்கோ அண்ணை.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, அந்தப் பாழ்வீட்டிலை இருந்து வெளிக்கிட்ட நாளிலை இருந்து இப்பிடி ஒரு கண்ணைத்தான் தேடித் திரிஞ்சனான். ஒருக்காலும் கிடைக்கேல்லை. இப்பதான் கிடைச்சிருக்கு.”

“வெட்டுங்கோ. அது அம்மாவுக்குப் போகக்கூடாது.”

“அம்மாவுக்குத்தான் தம்பி இது போகோணும். மிச்சமெல்லாம் சும்மா சனம் வந்து போறது.”

எனக்குத் தலைக்கு ஏறியது. இருபது வருடமாக அவருக்குப் பின்னால் ஊர் சொன்னதை முகத்துக்கு நேரே சொன்னேன். “நீங்கள் ஆர் எனக்குச் சொல்ல? பத்தொன்பது நாள் ஒரு கதவுக்குப் பின்னாலை குந்தியிருந்து நூல் இழுத்த ஆள். அந்தக் குப்பைப் படத்தை வைச்சுக்கொண்டு எங்கடை நல்லது கெட்டதெல்லாத்தையும் நாசமாக்கிப்போட்டியள். மொன்றியலே உங்களைப் பாத்துச் சிரிக்குது. பேய்ப்படம் எண்டுதான் உங்களுக்குப் பேர், தெரியுமோ?”

வேறும் சொன்னேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவரைத் தெரிந்த காலத்தில் அவரிடம் பதில் இல்லாமல் போனது அன்றைக்குத்தான். கொம்பியூட்டர் பக்கம் திரும்பினார். என்னுடைய முறை வந்த அந்தத் துண்டை முழுசாக வெட்டினார். கமராவில் இருந்ததையும் அழிக்கச் சொன்னேன். அழித்தார். நான் பின்னால் நின்று, ஒன்றும் மிச்சமில்லை என்று பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டுதான் படியேறினேன்.

அம்மாவுக்கு வீடியோ போனது. பக்கத்து வீட்டு ரீச்சர் தன் ரப்லெற்றில் போட்டுக் காட்டினாராம். மூன்றாம் நாள் அம்மாவே கூப்பிட்டார். அம்மா எனக்குப் போன் எடுப்பதில்லை, நான்தான் எடுப்பது.

“வடிவா எடுத்திருக்கினம். எல்லாரும் வந்திருக்கினம். பிள்ளை நித்திரை கொள்ளுற மாதிரிக் கிடக்கிறான்.” பிறகு கேட்டார், “நீ ஏன் வாய்க்கரிசி போடேல்லை?”

“போட்டனான் அம்மா. அது வீடியோவிலை விடுபட்டுப்போச்சு.”

“ரீச்சரைக் கொண்டு மூண்டு தரம் போட்டுப் பாத்தனான். பெரியப்பான்ரை பொடியன் போடுறான். அதுக்குப் பேந்து உன்ரை மனிசி போடுறா. நடுவிலை நீ இல்லை. தொடக்கத்திலை இருந்து வாசலிலைதான் நிக்கிறாய்.”

“சத்தியமாப் போட்டனான் அம்மா.”

“ஆஸ்பத்திரியிலை உன்ரை கையைப் பிடிச்சபடி போனவன் எண்டாய். கையைப் பிடிச்சிருந்த தம்பிக்குக் கிட்ட வந்து ஒரு பிடி அரிசி போடேலாமல் போச்சோ?”

எதைச் சொல்லத் தொடங்கினாலும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

“அவனும் எனக்கு ஞாயிறு ஞாயிறா எடுக்கிறவன்,” என்றார் அம்மா. “அண்ணை வீட்டைதான் சாப்பாடு, நண்டுக்கறி எண்டுவான். நீங்கள் ரெண்டு பேரும் சேந்து எனக்குப் பொய் சொல்லியிருக்கிறியள். அவன் போயிட்டான். நீயாவது இனிச் சொல்லாதை.”

அம்மா போனை வைத்துவிட்டார். அவன் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

பிறகு வீடியோக்காரருக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணை, அந்தத் துண்டு வேறை எங்கையாவது கிடக்கோ?”

“இல்லைத் தம்பி. நீங்கள் பக்கத்திலை நிக்கேக்கைதானே அழிச்சனான்.”

“தாலி கேட்டு வந்த தகப்பன்மார் சொல்லிக் கேட்டனீங்களோ? வீடு குடிபூந்த சனம் சொல்லிக் கேட்டனீங்களோ? ஒருத்தர் சொல்லியும் கேளாத மனிசன் நான் சொன்னா மட்டும் ஏன் கேட்டனீங்கள்?”

“நீங்கள் அழுதுகொண்டெல்லே தம்பி கேட்டனீங்கள்.”

நான் அழவில்லை. அவரைக் கண்டபாட்டுக்குப் பேசினேன். அப்படித்தான் எனக்கு நினைவு. அதைத்தான் அவருக்கும் சொன்னேன்.

“நல்லா அழுதனீங்கள். பேச்சும் அழுகையும் கலந்து வந்தது. தம்பின்ரை பேரை எத்தினை தரம் சொன்னனீங்கள் எண்டு உங்களுக்குத் தெரியேல்லை. அதுக்குமேலை நான் என்னெண்டு மாட்டன் எண்டுறது?” பிறகு குரலைத் தாழ்த்தி, “அம்மாவோடை நான் ஒருக்காக் கதைக்கட்டோ?” என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். பேய்ப்படக்காரனைக் கொண்டு பெற்ற தாயிடம் எனக்காகக் கதைக்க விடுவதா என்று இருந்தது. நானே ஒருநாள் ஆறுதலாக எல்லாவற்றையும் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனைக் கையில் எடுத்தபோது அதைத்தான் நினைத்தேன். அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். இங்கே குளிரோ என்று மட்டும் கேட்பார். ஓம் குளிர்தான் என்பேன். எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு காலை ரீச்சர் எடுத்து, அம்மா போய்விட்டார் என்று சொன்னார்.